நம்ம வீட்டு வால்வு

தெருவே அவளை ஒட்டுத்தையல் அக்கா என்றுதான் கூப்பிடும். சீருடை தைக்கும் கூடத்தில் வேலை. கிழிந்து வந்த எதையும் புதிதாக வாங்கிக்கொள் என்று அவள் திருப்பி அனுப்பியதில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டக் குழாய்தான் அவள் கைக்கு அடங்கவில்லை.

லாரி ஓட்டிய கணவர், லீவு நாட்களில் மண்ணைத் தோண்டி, கிடைத்த குழாய்களையெல்லாம் இணைத்து, செடிக்குச் செடி சொட்டுநீர் போகும்படி செய்திருந்தார். அவர் இறந்து ஒரு வருடம் ஆகிறது. இப்போது ஒரு கசிவை அடைத்தால் இன்னோர் இடத்தில் மண் நனைந்தது. கடைசி வரிசைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. அங்கே எலுமிச்சை இலைகள் சுருண்டு உதிர்ந்தன. நோயோடு இருந்த நாட்களில் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்தது அந்த மரத்தடியில்தான். குழாயை மாற்றினால் அவர் கைவேலை போய்விடும். மாற்றாவிட்டால் மரம் போய்விடும்.

குழாய் வேலை செய்யும் தம்பியை வரச்சொன்னாள். அவன் முட்டி போட்டுப் பார்த்தான்.

“அக்கா, இதுல குழாயை விட ஒட்டுதான் ஜாஸ்தி.”

“இந்த ஒரு தடவை ஒட்டிப் பாருடா.”

அவன் வால்வின் கைப்பிடியைக் குறுக்கே திருப்பிவிட்டுக் குழாயை அறுத்தான். எந்த வீட்டிலும் அப்படித் திருப்பினால் தண்ணீர் நிற்கும். இந்த வீட்டில் ஓடும். கணவர் கைப்பிடியைத் தப்பாக மாட்டிவிட்டு, நம்ம வீட்டு வால்வு அப்படித்தான் என்று கடைசிவரை சாதித்தவர். பழகிப்போனதால், தம்பியிடம் சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை.

தலையிலிருந்து கால்வரை நனைந்துபோய் எழுந்தான் தம்பி. “மாமா போயும் என்னை விட மாட்டேங்கிறாரு.”

அவள் சிரித்தாள். சிரிப்பு எங்கேயோ வழிமாறிப் போய் விசும்பலானது. தம்பி துண்டு தேடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டான்.

அறுபட்ட துண்டை எடுத்துப் பார்த்தாள். உள்ளே தையல் ஊசிகூட நுழையாதபடி உப்பு படிந்திருந்தது. நைந்த துணியில் நூல் பிடிக்காது என்பது அவளுக்குத் தெரியாததா என்ன?

“எல்லாத்தையும் மாத்திடு,” என்றாள், தம்பி திரும்பி வந்ததும்.

“வால்வையாவது மாமா மாட்டின மாதிரியே மாட்டட்டுமா?”

அவள் அறுபட்ட துண்டைக் கீழே வைத்தாள். “வேண்டாம். சரியாவே மாட்டு. நாளைக்கு நான் இல்லாதப்போ யாராச்சும் தண்ணி விடணும்ல. பக்கத்துல நின்னு சொல்ல ஆள் இருக்காது.”

வேலையை முடித்து, தண்ணீரை மூடிவிட்டுப் போனான் தம்பி. மறுநாள் சாயங்காலம் தையல் கூடத்திலிருந்து வந்தவள், கைப்பிடி குறுக்கே இருப்பதைப் பார்த்தாள். தண்ணீர் ஓடுகிறது என்றே நினைத்து எலுமிச்சை அடியில் போய் நின்றாள். மண் காய்ந்தே கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

திரும்பிப் போய்க் கைப்பிடியை நேராக்கினாள். மரத்தடியில் முதல் சொட்டு விழுந்தது. மரம் பிழைக்குமா என்று இப்போது சொல்ல முடியாது. அவருடைய நாற்காலியை நனையாத பக்கமாக நகர்த்தி வைத்தாள்.