தோளை விட்டு இறங்காத வலி

மாதாவுக்குப் பின்னால் மெழுகுதிரியோடு நடந்துகொண்டே, என் கணவர் இங்கேயே விழுந்து சாகப்போகிறார் என்று நடுங்கியவள் நான். அந்த மாலையில் எனக்குக் கிடைத்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அது சென்ற வருடம் கொட்டாஞ்சேனையில் எங்கள் கோயில் திருவிழா. என் கணவர் அல்பேட் கல்யாணத்துக்கு முன்பிருந்தே மாதாவின் சுரூபத்தைத் தோளில் சுமந்து ஊர்வலம் போகிறவர். திருவிழா முடிந்தால் ஒரு கிழமைக்கு அவருடைய இடது தோளுக்கு எண்ணெய் பூசுவது என் வேலை. அதனால் பவனி புறப்பட்டுக் கொஞ்சத் தூரத்திலேயே தோளும் கையும் நோகிறது என்று அவர் முகம் சுளித்தபோது நான் பெரிதாக எடுக்கவில்லை. வேர்த்து ஊற்றியது. சுரூபத்தைத் தாங்கும் தண்டு பிடித்த அத்தனை பேருக்கும்தான் வேர்த்தது.

ஆனால் அவர் முகம் சாம்பல் நிறமாகிக்கொண்டு வந்தது.

"ஆரிட்டயாவது குடுத்திட்டு வாங்கோப்பா."

"இடையில விடேலாது. மாதா சரிஞ்சிடுவா."

உண்மைதான். ஒடுங்கிய ஒழுங்கை. இரண்டு பக்கமும் மதில். முன்னாலும் பின்னாலும் சனம். மாற்றாள் உள்ளே நுழைய வழியில்லை, இவர் வெளியே வரவும் வழியில்லை. தண்டுக்கு அடியில் அவர் மாட்டிக்கொண்டார், சனத்துக்குள் நான் மாட்டிக்கொண்டேன். என்னை ஒருவர் நெருக்க, நான் இன்னொருவரை நெருக்க, மூச்சு முட்டியது. 'அருள் நிறைந்த' என்று செபத்தைத் தொடங்கினால் அடுத்த சொல் வரவில்லை. கடைசியில் மனதுக்குள் கத்தினேன். "மாதாவே, அவர் உங்களை இறக்கமாட்டார். பிடிவாதக்காரன். நீங்களே இறங்குங்கோ!"

ஒழுங்கை திரும்பும் இடத்தில், குறுக்கே கட்டியிருந்த மின்குமிழ் மாலை மாதாவின் மணிமுடியில் மாட்டிக்கொண்டது. பவனி நின்றது. எங்கள் ஊர்ப் பக்கத்தில், மாதா தங்கிப் போகட்டும் என்று வீட்டு வாசலில் வெள்ளை விரித்து மேசை வைப்பார்கள். எல்லா மேசையிலும் மாதா தங்குவதில்லை. பவனி நின்ற இடத்து வீட்டு ரீட்டா அன்ரி பல வருடம் மேசை வைத்து ஏமாந்து, மாதாவோடேயே கோபித்துக்கொண்டவர். அன்றைக்கு, சிக்கிய மாலையை எடுக்க, அவருடைய மேசையில்தான் சுரூபத்தை இறக்கினார்கள். அன்ரி ஓவென்று அழுதுவிட்டார்.

நான் அல்பேட்டிடம் ஓடினேன். "இப்ப சுகமா?"

"இல்லையப்பா. பாரம் அப்பிடியே இருக்கு. நெஞ்சுக்குள்ள."

தோளில் தண்டு இல்லை. வலி மட்டும் இறங்கவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. "பாதர்!" என்று அலறினேன்.

பாதர் ஒலிவாங்கியில் கொஞ்சம் இடம் விடச் சொல்லித் தமிழில் கேட்டார், பிறகு "பொட்டக் இட தென்ன" என்று சிங்களத்திலும் அதையே கெஞ்சினார். முழந்தாளில் இருந்தவர்கள் எழுந்து மதிலோடு ஒட்டிக்கொண்டார்கள். சனத்தை மறிக்கக் கயிறு பிடித்தவர்களே அதே கயிற்றால் எங்களுக்குப் பாதை போட்டார்கள். நாங்கள் ஒழுங்கையைத் தாண்டி ஓட்டோவில் ஏறும்வரை ஒருவரும் சுரூபத்தைத் தூக்கவில்லையாம்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்த டொக்டர், "ஹார்ட் அட்டாக். ரத்தக்குழாய் ஒண்டு முழுசா அடைச்சிருக்கு, இப்பவே திறக்கவேணும். பிந்தப் பிந்த இதயத்தின்ட தசை செத்துக்கொண்டு போகும்" என்றார்.

"பவனி முடியட்டும் எண்டு இருந்தனான் டொக்டர்" என்று அல்பேட் முனகினார்.

"அதுவரைக்கும் நிண்டிருந்தா நீங்களும் முடிஞ்சிருப்பீங்கள்."

பலூன் விட்டுக் குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். மூடிய கதவுக்கு வெளியே செபமாலையும் நானும். டொக்டர் வெளியே வந்து, இன்னொரு குழாயிலும் ஒடுக்கம் இருக்கிறது, அது பொறுக்கும், உடம்பு தேறியபின் சில கிழமையில் செய்யலாம் என்றார். அந்தக் கிழமைகள் ஒரு சிறை. அவர் இருமினால் எனக்கு நெஞ்சு அடைத்தது. அதையும் மாதா கடக்க வைத்தார். இரண்டாவது குழாயும் திறந்தாயிற்று.

இப்போது அவர் சிகரட் தொடுவதில்லை. காலையில் இருவரும் கோயில்வரை நடக்கிறோம். உங்களுக்கும் சொல்கிறேன், நம்பிச் செபியுங்கள். கேட்பவர் இருக்கிறார். ஆனால் நெஞ்சு நோகும்போது வீட்டில் இருந்து செபிக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியில் இருந்து செபியுங்கள்.

இந்த வருடம் அல்பேட் தண்டு பிடிக்கவில்லை. எங்கள் வாசலிலும் வெள்ளை விரித்து மேசை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மாதா நிற்காமல் போய்விட்டார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. அல்பேட் மேசைத் துணியை மடித்துக்கொண்டே சொன்னார்:

"போகட்டும். வேற ஆருக்கோ அவசரமாக்கும்."