யேசுரத்தினத்தின் வலது பக்கம்

நெய்மீனின் செவுளைத் தூக்கிக் காட்டிக்கொண்டே சுற்றி நிற்கும் வியாபாரிகளை ஏசுவார் ஏலக்காரர் யேசுரத்தினம். "வாங்க வக்கில்லாதவன் வெயில மறைக்காதல." அவரிடம் ஏச்சு வாங்காத நாளில் யாவாரம் தேறாது என்று குளச்சல் கரையில் ஒரு நம்பிக்கை. வேட்டியை மடித்துக் கட்டி மீன் குவியலின் முன் நின்றாரானால் அறுபது தாண்டிய ஆள் என்று சொல்ல முடியாது.

அங்கே ஏலம் கேட்பவன் வாய் திறக்கமாட்டான். அடுத்தவனுக்குத் தெரியாமல் ஒரு கண்சிமிட்டல், ஒரு புருவ அசைவு, விலை ஏறிவிடும். கூவுவது அவர் மட்டும்.

போன மாசியில் அவருக்கு நெற்றிப்பொட்டில் வலி பிடித்தது. சீப்பு பட்டால் தலை நொந்தது. மரச்சீனிக் கிழங்கை மென்றால் தாடை கடுத்தது. மனைவி குளோரி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். "நாள் முழுக்கக் கூவுத தாடை வலிக்காம சிரிக்குமாட்டி?" என்று தட்டிவிட்டார்.

ஒருநாள் ஏலத்தில் வலப்பக்கம் நின்ற மீன்வண்டிக்காரன் சிஜின் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிக் களைத்தான். மீன் இடப்பக்கத்துக்காரனுக்குப் போய்விட்டது.

"என்ன மாமா, கள்ள ஏலமா விடுகீரு? நான் கேட்டது தெரியலியா?"

"நீ எங்கல நிக்க?"

கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றான். யேசுரத்தினம் இடக்கண்ணைப் பொத்திப் பார்த்தார். கடலையே காணோம்.

சண்டைக்கு வந்தவனே அவரை பைக்கில் ஏற்றி நாகர்கோவிலுக்கு வண்டியை விரட்டினான். நெற்றிப்பொட்டைத் தொட்டதும் டாக்டரின் முகம் மாறியது. ரத்தக்குழாய் அழன்று வீங்கியிருக்கிறது, கண்ணுக்குப் போகும் ரத்தத்தை அடைத்ததும் அந்த வீக்கம்தான், போன கண் திரும்பாது, இன்றே மருந்து ஏற்றாவிட்டால் மற்றதும் போகும் என்றார். ஏற்றினார்கள். இடக்கண் தப்பியது.

மருந்து வலியை விரட்டிவிட்டுப் பசியைக் கொண்டுவந்தது. முகம் பூரித்து உருண்டுவிட்டது. "கல்யாணத்தன்னைக்குக்கூட இந்த மொகம் இல்ல" என்று குளோரி சிரிப்பாள். மாத்திரையை நிறுத்தவா என்று கேட்டால் மட்டும் சிரிக்கமாட்டாள்.

பாதிக் கரை தெரியாத ஆளிடம் இனி எவன் கண் சிமிட்டுவான்? அந்தப் பயத்தோடுதான் திரும்ப ஏலத்துக்குப் போனார். போனால், வியாபாரிகள் அத்தனை பேரும் அவருக்கு இடப்பக்கமாக முண்டியடித்து நிற்கிறார்கள்.

"எல்லாவனும் ஒரே பக்கமா நின்னா வள்ளம் கவுந்திரும்ல. பாதிப் பேரு அந்தப் பக்கம் போங்க."

சிஜின்தான் முதலில் போனான். யேசுரத்தினம் விலையைக் கூவிக்கொண்டே வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் உள்ளங்கையை விரித்தார். அதில் ஒரு விரல் அழுத்தியது. விலையை ஏற்றிக் கூவினார்.