கல்யாணத்துக்கு வந்த டீசல் கார்

என் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பட்டாளத்துக்காரர்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்து லோரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கேயோ வேலி போட முள்கம்பி ஏற்ற வேண்டுமாம். மலாயாவின் அந்த அவசரகாலத்தில் அவர்கள் கேட்டால் தோட்டத்துத் துரையாலும் மறுக்க முடியாது. மறுநாள் காலை தானா ராத்தா டவுன் கோயிலில் முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து நேராகக் கோயிலுக்கு வந்துவிடுவார்கள். பெண் எப்படிப் போவது? அப்பா கணக்கெழுதும் கிராணியைக் கெஞ்சி, ஆபீஸ் போனில் டவுனுக்குப் பேசிவிட்டு வந்தார்.

“நானா அவரோட காரக் கொண்டாறாராம்,” என்றார், நம்பமுடியாதவர் போல.

டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் ஒருவரை நாங்கள் எல்லோரும் நானா என்றே கூப்பிடுவோம். அவர் அந்த வருஷம்தான் ஒரு ஜெர்மன் கார் வாங்கியிருந்தார். மூக்கில் வெள்ளி நட்சத்திரம் வைத்த, தொட்டால் இரும்பாகக் குளிரும் தாட்டியான கார். ஆனால் ஓடுவது டீசலில். லோரி இஞ்சினை யாரோ காருக்குள் ஒளித்துவைத்தது போலச் சத்தம் போடும். அதில் நான் ஏறப்போகிறேன் என்று தெரிந்ததிலிருந்து மாப்பிள்ளையைப் பற்றிய யோசனையே எனக்குப் போய்விட்டது. அவரை நான் பார்த்ததுகூட ஒரே ஒரு முறைதான். காரைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

காலையில் பனி விலகுவதற்குள் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் கார் கடகடவென்று வந்து நின்றது. கூறைப்புடவைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நான் நடுவில் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் அம்மாவும் அத்தையும். அவர்கள் மடியில் சித்திகள். சித்திகள் மடியில் சீர்த்தட்டுகள். முன்னால் அப்பாவும் மாமாவும் தாய்மாமன் முறைக்காரர் இன்னொருவரும். எத்தனை பேர் ஏறினோம் என்று நினைத்துப் பார்த்தால் இப்போதும் கணக்கு ஒவ்வொரு முறையும் மாறுகிறது.

“வண்டி தாங்குமா நானா?” என்று அம்மா கேட்டாள்.

“இன்னும் நாலு பேர் ஏறுங்கலா. இது ஜெர்மன்காரன் பண்ணினது. நாம ஒடஞ்சாலும் இது ஒடையாது,” என்றார் நானா.

தோட்டத்து கேட்டில் நிறுத்தினார்கள். அந்த நாட்களில் லயங்களைச் சுற்றி முள்வேலி. வெளியே போகும் எவரும் சோதனைக்குத் தப்ப முடியாது. காட்டுக்குள் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாது என்பதற்காக ஒரு பிடி அரிசிகூட வேலியைத் தாண்டக்கூடாது. இஞ்சினை நிறுத்தச் சொன்னார் சிப்பாய். நானா முகம் சுருங்கியது. நாங்கள் ஒவ்வொருவராக இறங்க இறங்க, சிப்பாயின் வாய் திறந்துகொண்டே போனது.

பெண்களைச் சோதிக்க ஒரு மலாய்ப் பெண் இருந்தாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது இருக்கும். அத்தையின் மடியைத் தட்டிப் பார்த்தவள், ஒரு மஞ்சள் துணி முடிச்சை வெளியே எடுத்தாள். அவிழ்த்தாள். மஞ்சள் தடவிய அரிசி.

“பெராஸ்!” என்றாள்.

“ஐயோ, அது சோறாக்குற அரிசி இல்லலா! அட்சதை! தலையில போடுறது!” என்று அத்தை தன் தலையில் போட்டுக் காட்டினாள்.

நானா இறங்கி வந்து மலாயில் விளக்கினார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏதோ சொன்னாள். நானா தமிழில் சொன்னார்:

“வேலிக்கு வெளிய போகக்கூடாதாம். இங்கயே பொண்ணு தலையில போட்டுட்டுப் போகச் சொல்லுது.”

“தாலி ஏறாம அட்சதையா?” என்று அத்தை அலறியதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணப் பெண் சிரிக்கக்கூடாது என்று அம்மா முழங்கையால் இடித்தாள். இடித்ததில் இன்னும் அதிகமாக வந்தது. சோதனை செய்தவளும் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்று குலுங்கினாள். ஆனாலும் அரிசியைத் தரவில்லை.

மறுபடி ஏறினோம். இப்போது வண்டி கிளம்பவேண்டும். அந்த டீசல் காரில் முன்பலகையில் ஒரு சின்னத் துளை. துளைக்குள் ஒரு கம்பி. ஒரு குமிழை இழுத்துப் பிடித்தால் கம்பி சூடேறிச் சிவக்கும். நன்றாகச் சிவந்த பிறகுதான் இஞ்சின் பிடிக்கும். அன்றைய குளிரில் கம்பி கறுப்பாகவே இருந்தது. முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருந்தது. எல்லோருடைய கழுத்தும் அந்தத் துளையை நோக்கி நீண்டது.

“செவக்குதா?”

“இல்ல.”

“இப்ப?”

“மூச்சு விடாதீங்க, ஆவி மறைக்குது!”

“செவக்குது! செவக்குது!” என்று நான்தான் முதலில் கத்தினேன். கூடவே கார் முழுக்கக் கத்தியது. இஞ்சின் இருமி, உதறி, பிடித்துக்கொண்டது. கேட்டில் நின்ற சிப்பாய்கள் கைதட்டினார்கள்.

மண்பாதை மழையில் கொழகொழத்துக் கிடந்தது. கார் வேகமாகப் போகவில்லை, நிற்கவும் இல்லை. எருமை நடப்பது போல மேடேறியது. ஒரு வளைவில் பட்டாளத்து வண்டி ஒன்று முன்பக்கம் ஆவி பறக்க நின்றிருந்தது. நானா ஹார்ன் அடித்து அதைத் தாண்டியபோது, அவருக்குக் கிரீடம் வைத்த மாதிரி இருந்தது.

அதற்கு அடுத்த மேட்டில் அத்தை, “நிறுத்து, நிறுத்து!” என்றாள். வெட்டாமல் விட்ட தேயிலைச் செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து பூத்திருந்தன. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள்.

“மஞ்சளும் இருக்கு, வெள்ளையும் இருக்கு. இதவிட என்ன அட்சதை?” என்றாள்.

நானா இஞ்சினை அணைக்காமல் பிடித்துக்கொண்டிருக்க, சித்திகள் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொழுந்து பறிக்கும் வேகத்தில் பூவைப் பறித்துச் சீர்த்தட்டில் கொட்டினார்கள். வாழ்நாளெல்லாம் பறித்த கைகள் அல்லவா, தட்டு கண்மூடித் திறப்பதற்குள் நிறைந்துவிட்டது.

முகூர்த்தம் முடிகிற நேரத்தில் கோயிலுக்குள் ஓடினோம். ஐயர் தட்டைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மந்திரத்தைத் தொடர்ந்தார். தாலி ஏறியது. எங்கள் இருவர் மேலும் தேயிலைப் பூ பொழிந்தது. மாப்பிள்ளை காதில் ஒன்று செருகிக்கொண்டு நின்றது. அதைச் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் நான் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானச் சாப்பாடு நானாவின் கடையில். அதன் பிறகு அவர், “தோட்டத்து கேட்டு மூட இன்னும் நேரம் இருக்கு. பொண்ணு மாப்பிள்ளைய ஒரு சுத்து கூட்டிட்டுப் போறேன்,” என்றார். துணைக்கு அத்தை முன்னால் ஏறினாள். பின்னால் நாங்கள் இருவர். அவ்வளவு இடம் இருந்தும் அவர் அந்த ஓரத்தில் கதவோடு ஒட்டிக்கொண்டார், நான் இந்த ஓரத்தில்.

பிரிஞ்சாங் ஊரைத் தாண்டி கியா பார்ம் காய்கறித் தோட்டங்களுக்கு ஏறும் பாதையில் நேராக ஓர் அடி கிடையாது. இடப்பக்கம் வளைந்தால் நான் அவர் பக்கம் சரிவேன், வலப்பக்கம் வளைந்தால் அவர் என் பக்கம். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அத்தை திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் இருவரும் ஜன்னல் வழியே முட்டைக்கோஸ் தோட்டத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்தோம். அப்படியே மலை உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். நானா காய்கறி பார்க்க இறங்கினார். அத்தை அவர் பின்னாலேயே விலை பேசப் போனாள்.

இஞ்சின் கடகடத்துக்கொண்டிருந்தது. சீட்டெல்லாம் அதிர்ந்தது. மாப்பிள்ளை முதல் முறையாக என்னோடு பேசினார்.

“தலை சுத்துதா?”

“சுத்துது.”

“எனக்கும்தான்,” என்றார். கதவைத் திறந்து இறங்கி, தள்ளாடி, விழாமலிருக்க என் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டார். இறக்கிவிட எனக்குக் கை நீட்டினார். பிடித்துக்கொண்டு இறங்கினேன். யார் யாரைத் தாங்கினோம் என்று தெரியவில்லை. இருவரும் சேர்ந்து பாதையோரப் புல்லில் பொத்தென்று உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தோம்.