ரிப்பனை வெட்டிய மச்சினன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. நாலு இட்லியை உள்ளே தள்ளிவிட்டு, அடுத்த நாலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். என் மச்சினன் சுரேஷ் பெருங்களத்தூரிலிருந்து செம்பாக்கத்துக்கு வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பேன்ட் பாக்கெட்டிலிருந்து ஒரு சாமானை எடுத்து என் கையில் வைத்தான்.

சோப்பு டப்பா சைஸ். நல்ல கனம். உச்சியில் சின்னதாக ஒரு குழாய்.

“என்னடா இது, ஊதுபத்தி ஸ்டாண்டா?”

“மெதுவா மாமா... வேப்பு. சிகரெட்டுக்கு பதிலா விடுவாங்களே, அந்தப் புகை மெஷின்.”

துபாயில் வேலை பார்த்தபோது பிடித்துக்கொண்ட பழக்கமாம். நம் ஊரில் விற்கவே தடை. இவன் அதைச் செல்லப்பிள்ளை மாதிரி கூடவே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். ஆனால் இப்போது வீட்டில் நிஜமாகவே ஒரு செல்லப்பிள்ளை வந்துவிட்டதே! பிரசவத்துக்குக் கீழ்க்கட்டளையில் அம்மா வீட்டுக்குப் போயிருந்த அவன் மனைவி ரேவதி, கைக்குழந்தையோடு அன்றைக்குத்தான் திரும்பி வருகிறாள். போனில் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள்.

“அந்த மெஷின் இருக்கிற வீட்டுக்குள்ள என் பொண்ணு வர மாட்டா.”

இவனும் விட்டுவிடுவதாகச் சத்தியம் செய்துவிட்டான். மகள் மேல்.

“அப்புறம் என்ன, தூக்கிப் போடு!”

“குப்பையில போடக் கூடாதாம் மாமா. லாரியில போட்டு அழுத்தும்போது பேட்டரி தீப்பிடிச்சுக்குமாம். தாம்பரத்துல பழைய பேட்டரி வாங்கிக்கிற கடையில கேட்டேன். பேட்டரியைத் தனியா எடுத்துட்டு வாங்கன்னுட்டாங்க.”

“எடுத்துட்டுப் போயேன்.”

“வரலை மாமா! நேத்துலேர்ந்து பார்க்கிறேன், சிக்குனு உட்கார்ந்திருக்கு. ரேவதி வேற கிளம்பிட்டா. வழியில இங்க இறங்கி அக்காவைப் பார்த்துட்டுத்தான் வீட்டுக்குப் போகணுமாம்.”

ஆக, அவள் வருவதற்குள் பேட்டரி வெளியே வர வேண்டும். இல்லையென்றால் மச்சினன் வெளியே. அந்த மாதிரி நேரத்தில் அவன் யாரைத் தேடி வந்திருக்கிறான் பாருங்கள்!

பேட்டரி விஷயத்தில் என் அனுபவம் லேசுப்பட்டதல்ல. டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டால் முதலில் உள்ளங்கையில் நாலு தட்டு. அடுத்து பேட்டரியை உள்ளேயே விரலால் உருட்டுவேன். அதற்கும் மசியவில்லை என்றால் மொட்டை மாடிச் சுவரில், வடாம் பக்கத்தில், வெயிலில் காயவைப்பேன். அப்பளம் தூக்கிக்கொண்டு போகும் காக்காகூட அதைத் தொடாது. சிரிக்காதீர்கள்... உங்கள் மாடியையும் நான் பார்த்திருக்கிறேன்!

இந்தத் தகுதிகளோடு களத்தில் இறங்கினேன். மெஷினின் பக்கவாட்டு மூடியைத் திறந்தால், கட்டைவிரல் தடிமனில் ஒரு பேட்டரி. நகம் நுழைய இடமில்லை. கிச்சனுக்குப் போனேன். காய் நறுக்கும் கத்தி, தேங்காய் எண்ணெய், பாத்திரம் இறக்கும் இடுக்கி — மூன்றோடும் திரும்பி வந்தேன். கத்தி நுனியை பேட்டரி ஓரத்தில் வைத்து...

“கத்தியைக் கீழ போடுங்க!”

மாலதி. என் மனைவி. பள்ளிக்கூடத்தில் ஃபிசிக்ஸ் டீச்சர். அந்தக் குரலுக்கு முப்பத்தைந்து பிள்ளைகள் ஒரே நேரத்தில் உட்காருவார்கள். நான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்ததால் கத்தியைப் போட்டேன்.

“ரிமோட் பேட்டரின்னு நினைச்சீங்களா? இது லித்தியம். மேல சுத்தியிருக்கிற தோல் கிழிஞ்சு கத்தி பட்டுச்சுன்னா ஷார்ட் ஆகும். அப்புறம் இட்லி சாப்பிட விரல் இருக்காது.”

இட்லியைச் சொன்னதும்தான் விஷயத்தின் தீவிரம் எனக்கு உறைத்தது.

“அப்ப எண்ணெய் விடலாமா? மோதிரம் மாட்டினா விடுவோமே...”

பதிலுக்கு என்னைப் பார்த்த பார்வை வந்தது. தம்பி பக்கம் திரும்பினாள்.

“டேய், ஆஃப் பண்ணிட்டியா? சூடா இருக்கா? எங்கேயாவது உப்பியிருக்கா?”

“ஆஃப்தான்கா. சூடு இல்லை. உப்பலை.”

“உப்பியிருந்தா தொடவே கூடாது. சரி, இந்த மாதிரி மெஷின்ல பேட்டரிக்கு அடியில ஒரு ரிப்பன் இருக்குமே. இழுத்தா பேட்டரி எழும்பி வரும். எங்க அது?”

சுரேஷ் தரையைப் பார்த்தான். “வெட்டிட்டேன்கா. வெளியில துருத்திக்கிட்டு அசிங்கமா இருந்துச்சு.”

ரிப்பனை வெட்டித் திறப்பு விழாவே நடத்தியிருக்கிறான்!

“ரிப்பன் இல்லைன்னாலும் இவ்வளவு டைட்டா இருக்காதேடா...” என்று மாலதி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தாள். “பேட்டரி மேல பளபளன்னு என்ன அது?”

“செல்லோ டேப்புக்கா. கீறல் விழக் கூடாதுன்னு நாலு சுத்து சுத்தினேன்.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஃபேனை நிறுத்த ரிமோட்டை எடுத்தேன். அது பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. கவரின் வாய்க்கு ரப்பர் பேண்ட். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

நம்மைப் போல் கவர் போடும் ஜனம் உலகத்தில் உண்டா? சோபாவுக்கு ஒன்று, அதன் மேல் துண்டு. ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்குச் சட்டை. கார் சீட்டில் கம்பெனி பிளாஸ்டிக்கைக் கிழிக்காமல் ஓட்டி, கோடையில் முதுகோடு ஒட்டிக்கொள்வோம். எல்லாம் எதற்கு? பழசாகாமல் இருக்க. பொத்திப் பொத்தி வைத்து, கடைசியில் பேட்டரி அதன் வீட்டை விட்டு வர முடியாதபடி செய்துவிட்டான் இவன்.

மாலதி வேலையில் இறங்கினாள். மெஷினை ஜன்னல் திரையிலிருந்து தள்ளி டைல்ஸ் தரையில் வைத்தாள். என்னை அனுப்பிப் பூந்தொட்டி மண்ணை ஒரு இரும்பு வாளியில் கொட்டிக் கொண்டுவரச் சொன்னாள்.

“மண்ணு எதுக்கு?”

“புகைஞ்சா அதுல போட்டுட்டு வெளியில ஓடத்தான்.”

வாசல் கதவைத் திறந்துவைத்தேன். செருப்பையும் திருப்பி வைத்தேன், ஓடுவதற்கு வாகாக.

மருந்துப் பெட்டியிலிருந்து துணி பிளாஸ்திரி எடுத்தாள். நீளமாக ஒரு துண்டு வெட்டி, பேட்டரியின் முதுகில் அழுத்தி ஒட்டி, மிச்சத்தை இரண்டாக மடித்துக் கைப்பிடி மாதிரி விட்டாள். பேட்டரியைக் கட்டைவிரலால் ஸ்பிரிங் இருக்கும் பக்கமாகத் தள்ளிப் பிடித்தாள். மறுமுனையில் மயிரிழை இடைவெளி கிடைத்தது.

“இப்ப கைப்பிடியை மேல இழு. மெதுவா. திருகாதே.”

சுரேஷ் இழுத்தான். வரவில்லை. அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. ரேவதி.

“மெயின் ரோடு சிக்னல் தாண்டிட்டோம். அஞ்சு நிமிஷம்.”

“ஐயோ அக்கா!”

“அவ வந்தா வரட்டும். நீ அவசரப்படாதே. பிச்சு எடுத்தா கிழிஞ்சிடும்.”

மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி இழுத்தான். நான் வாளியைப் பிடித்துக்கொண்டேன் — இரண்டு கையாலும், கண்ணை மூடி. டப்பென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் பிளாஸ்திரியில் தொங்கிக்கொண்டிருந்தது பேட்டரி, பல் டாக்டர் பிடுங்கிய கடைவாய்ப்பல் மாதிரி!

செல்லோ டேப்புக்கு அடியில் தோல் ஓரத்தில் லேசாகக் கிழிந்திருந்தது. முந்தின நாள் சாவியால் நெம்பிப் பார்த்தானாம். மாலதி இரண்டு முனைகளையும் டேப்பால் மூடி, காலி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடினாள். “இனி இதுக்கு சார்ஜும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். நேரா கடைக்கு.”

வாசலில் ஆட்டோ நின்றது. தோளில் தூங்கும் குழந்தையோடு ரேவதி உள்ளே வந்தாள். டைல்ஸ் தரை, மண் வாளி, பிளாஸ்திரி, கத்தி, தேங்காய் எண்ணெய்... எல்லாவற்றையும் பார்த்தாள்.

“என்னண்ணா, ஏதாவது ஹோமமா?”

“ஆமாம்மா. உன் வீட்டுக்காரரோட புகைக்கு.”

சுரேஷ் டப்பாவை ஒரு கையிலும் காலி மெஷினை மறு கையிலும் நீட்டினான். பரிசு வாங்கிய பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒரு சிரிப்பு. “பார்த்தியா ரேவ்? முடிஞ்சுது. சாயங்காலமே கடையில கொடுத்துடறேன்.”

ரேவதி சிரிக்கவில்லை. டப்பாவைப் பார்த்தாள். பிறகு கனத்துத் தொங்கிய அவன் சட்டைப் பையைப் பார்த்தாள். குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, காலியான கையை நீட்டினாள்.

“ம்?”

சுரேஷ் என்னைப் பார்த்தான். நான் ஃபேனைப் பார்த்தேன். அவன் மெதுவாகப் பைக்குள் கைவிட்டு எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான் — செல்லோ டேப் சுற்றிய இன்னொரு பேட்டரி. ஸ்பேர்!

“இப்ப வீட்டுக்குப் போலாம்” என்றாள் ரேவதி.

மெஷினுக்குள் இருந்ததை எடுக்க மூன்று பேரும் ஒரு வாளி மண்ணும் வேண்டியிருந்தது. பைக்குள் இருந்ததை எடுக்க ஒரு ‘ம்’ போதும்!