மூடுவதற்கு முன் ஒரு முறை: கேமரன் தேயிலைத் தோட்டப் பயணம்

சென்ற பள்ளி விடுமுறையில் நான் கேமரன் மலைக்குப் போனது சுற்றிப் பார்க்க அல்ல. நான் வேலை செய்யும் தனியார் பல்கலைக்கழகம் தன் நிர்வாகக் கூட்டத்தை அங்குள்ள தானா ராத்தா ஊரில் வைத்திருந்தது. வருகை, தேர்ச்சி, செலவு எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும் மென்பொருள் என் பொறுப்பு. அந்தத் திரையில் எங்கள் மலைப்பகுதிப் படிப்பு மையம் வருகைக் குறைவால் சிவப்பாக இருந்தது. அதை மூடுவதா என்று பிற்பகல் இரண்டு மணிக்கு முடிவெடுப்பார்கள்.

எனக்கு ஒன்று உறுத்தியது. ஒரு தோட்டத்திலிருந்து ஐந்து பேர் சேர்ந்திருந்தார்கள். இணைய வகுப்புக்கு வந்தது ஒருவர்தான். ஆனால் தேர்வில் ஐவருமே தேறியிருந்தார்கள்.

கூட்டத்தன்று காலையில் அந்தத் தோட்டத்துக்கு டாக்சி பிடித்தேன். போகவர, காத்திருக்க எழுபது ரிங்கிட். தோட்டத்துப் பாதையில் ஒரு வண்டிதான் போகலாம். பக்கத்தில் பள்ளம், முன்னே பனிமூட்டம்.

“எதிர்ல லோரி வந்தா நாமதான் ரிவர்ஸ் எடுக்கணும்” என்றார் ஓட்டுநர் முருகையா. “கீழ பாக்காதீங்க லா.”

வருகைப் பதிவில் இருந்த அந்த ஒருவர் மேரி. தேயிலை ஆலையில் வேலை. தேநீர் இடைவேளையில் வெளியே வந்தார்.

“மத்தவங்க ஏன் வகுப்புக்கு வர்றதில்ல?”

“யாரு சொன்னா? எல்லாரும்தான் வர்றோம். வீட்டுல லைன் கெடைக்காது அக்கா. மேட்டுக்குப் போனாலும் என் போன்லதான் வரும். அஞ்சு பேரும் அதுலயே பாத்துருவோம்.”

திரும்பும்போது காய்கறி லோரி ஒன்று வளைவில் நின்றுவிட்டது. வண்டிகள் நகரவில்லை. பொறுக்க முடியாமல் இறங்கி, கடைசி இரண்டு கிலோமீட்டரை மூச்சிரைக்க நடந்தேன். அறைக்குள் நுழைந்தபோது கூட்டம் தொடங்கியிருந்தது.

“சிஸ்டம்தான் சிவப்புன்னு காட்டுதே” என்றார் துணைவேந்தர். “இன்னும் என்ன பேசணும்?”

“அது போனைத்தான் எண்ணுது டாக்டர். ஆளை இல்ல.” மேரி சொன்னதைச் சொன்னேன்.

“மத்த தோட்டங்கள்லயும் இப்படித்தானா?”

“தெரியாது. ஒரு இடத்துக்குத்தான் போக முடிஞ்சது.”

துணைவேந்தர் மையத்துக்கு ஒரு செமஸ்டர் தவணை கொடுத்தார். அதற்குள் எல்லாத் தோட்டங்களையும் நான் நேரில் பார்த்து வர வேண்டும்.

போகிறவர்களுக்கு: தாப்பா வழி ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், முழுக்க வளைவு. குமட்டல் வருபவர்கள் வளைவு குறைந்த சிம்பாங் பூலாய் வழியாக ஏறுங்கள். விடுமுறை நாளில் நெரிசலுக்கென்று நேரம் ஒதுக்குங்கள். வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். தோட்டத்துக்குள் இணைப்பு இருக்காது. உங்கள் திரை காட்டும் இடத்துக்கு ஒரு தடவையாவது போய் வாருங்கள்.

மாலையில் மேரிக்குச் செய்தி அனுப்பினேன். அவர் மேடேறிய பிறகுதான் பதில் வந்தது: “ஒரு செமஸ்டரா? எங்களுக்குப் படிச்சு முடிக்க இன்னும் மூணு இருக்கே அக்கா.”