மெத்தைக்குள் ஒரு பாக்கி

வீட்டுத் தரகு என்றால் ஆளைக் குடிவைக்கும் தொழில் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே கிடந்து உழல்கிற நமக்கல்லவா தெரியும், அது போனவன் விட்டுப்போனதை அள்ளும் தொழில் என்று.

யாங்கோனில் இந்த வேலை பார்க்கிறவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. லிஃப்ட் இல்லாத ஆறு மாடி, ஒருவர் ஏறினால் இன்னொருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய படிக்கட்டு, மேலே ஏறினால் பூட்டிய கதவு. அறைக்குள் ஒற்றைச் செருப்பு, பல்செட்டு, யாரோ ஒருவருடைய கல்யாண போட்டோ. எல்லாம் நீங்களும் பார்த்திருப்பீர்கள். என்னைப் பர்மியர்கள் மா செல்வி என்பார்கள். தமிழர்கள் செல்வியக்கா என்பார்கள். வாய் கொஞ்சம் நீளம் என்றும் சொல்வார்கள், அதை என் காதில் விழாமல் சொல்வார்கள். ஒரே ஒரு அறையைக் காலி செய்த கதையைத்தான் இங்கே சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு குழவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பஞ்சு மெத்தை

பழைய சாமான் வாங்கி விற்கும் காசிம் பாய்தான் என் கூட்டாளி. அறையை நான் திறப்பேன், கிடக்கிற சாமானை அவர் விலைக்கு எடுத்துக்கொள்வார். நம் ஊர்ப் படிக்கட்டில் மெத்தை திரும்பாது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் சுருட்டிக் கட்டி, பால்கனியிலிருந்து கீழே எறிந்துவிடுவதுதான் வழக்கம். இன்சீனில் ஒரு மூன்றாம் மாடியிலிருந்து பாய் அப்படி ஒன்றை எறிந்தார். அது கீழே இருந்த டீக்கடையின் தகரக் கூரையைக் கிழித்துக்கொண்டு வடைச் சட்டிக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. அந்த வீட்டு அம்மாள் ஊருக்குக் கொண்டுபோக அம்மிக் குழவியை மெத்தைக்குள் வைத்துச் சுருட்டி, பிறகு மெத்தையோடு மறந்துபோயிருக்கிறாள்.

அன்றைக்கு நான் ஒரு சட்டம் போட்டேன். எந்த மெத்தையானாலும் பிரித்துப் பார்த்த பிறகுதான் எறிய வேண்டும். பாய்க்கு அது வீண்வேலையாகப் பட்டது, மாதக்கணக்கில் முணுமுணுத்தார். டீக்கடைக்காரர் நம் ஆள். கோபப்படவில்லை. குழவியைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து கேட்டார்:

"அக்கா, பஞ்சு மெத்தைன்னாங்க. பஞ்சுக்குள்ள குழவி எப்ப மொளைச்சுச்சு?"

டாவ் மியாவின் தமிழ்

கொரோனாவுக்கு முந்தின மழைக்காலம். பாசுண்டாங் பக்கம் ஒரு கட்டிடத்தில் முதல் மாடியில் டாவ் மியா என்ற பர்மிய அம்மாள் குடியிருந்தார். கப்பலில் வேலை பார்த்த கணவர் இறந்துவிட்டார். ஆறாம் மாடியில் அவர் வாடகைக்கு விட்டிருந்த ஒரு அறைதான் அவருக்கு அரிசி, அதுதான் பிரஷர் மாத்திரை. அதில் கோ துன் என்ற ஆளை நான்தான் குடிவைத்தேன். விரலில் பச்சைக்கல் மோதிரம், பேச்சில் பணிவு, ஆறு மாத வாடகையை மொத்தமாக முன்னாலேயே கொடுத்தான். அந்த ஆறு மாதம் முடிந்து இரண்டு மாதம் ஆகியும் ஆளைக் காணோம், போனும் எடுக்கவில்லை. வார்டு அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் பூட்டை உடைத்தோம். டாவ் மியா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து, வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

பாய் மெத்தைச் சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு பால்கனிக்கே போய்விட்டார். நான் கூப்பிட்டு நிறுத்தினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே தரையில் போட்டுக் கயிற்றை அறுத்தார். மெத்தை தானாக உருண்டு விரிந்தது. உள்ளேயிருந்த ஒரு லுங்கியும் கூடவே விரிந்தது. அதற்குள் ஒரு கைத்துப்பாக்கி. அதன் வாய் பாயின் கால் கட்டைவிரலைப் பார்த்தபடி கிடந்தது. பாய் அந்தக் காலை மெல்லத் தூக்கினார், கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றபடியே "துப்பாக்கி" என்றார்.

டாவ் மியா சின்ன வயதில் மார்க்கெட்டில் தமிழ்க் காய்கறிக்காரர்களுக்கு நடுவில் வளர்ந்தவர். வா, போ, எவ்வளவு, பாக்கி - இந்த நாலு வார்த்தைத் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாசலில் இருந்தபடி அவர் காதில் விழுந்தது "டூ பாக்கி". இரண்டு மாத பாக்கி. உடனே எழுந்து படிக்கட்டுக் குழிக்குள் தலையை நீட்டி, கோ துன் இரண்டு மாத வாடகை பாக்கி வைத்துவிட்டு ஓடிவிட்டான் என்று ஆறு மாடிக்கும் கேட்கும்படி பர்மியில் கத்தினார். பிறகு திரும்பிப் பாயைப் பார்த்து மனம் நிறைந்து சொன்னார்:

"தமிழ்ல சொன்னாலும் எனக்குப் புரியும். பாய் எப்பவும் கணக்குல கரெக்ட்."

பாம்பு

பாக்கி என்ற சொல்லுக்கு இந்தக் கட்டிடத்தில் இவ்வளவு உறவினர்கள் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. கீழ்த்தளத்து டீக்கடைக்காரர் வந்தார், சலவைக்கார மா ஏ வந்தாள், போன் கார்டு விற்கிறவர் வந்தார். அவனிடம் தங்களுக்கும் வர வேண்டியது இருக்கிறது, ஆளுக்கு ஒரு சாமானாவது எடுத்துக்கொள்ளலாம் என்று படியேறி வந்துகொண்டே இருந்தார்கள். பாய் தமிழில் என் காதைக் கடித்தார். துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு, அக்கரை டாலாவுக்குப் போகிற படகில் ஏறி நடு ஆற்றில் நழுவவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். படகுத்துறையில் பையைத் திறக்கச் சொன்னால் என்ன செய்வீர் என்று கேட்டேன். தண்ணீர் வற்றும்போது சேற்றில் விளையாடுகிற டாலா பிள்ளைகள் கையில் அது கிடைத்தால் யார் பொறுப்பு என்றும் கேட்டேன். பாய் எடுத்த பையை மறுபடி மடித்தார்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குடியிருந்தவன் இல்லை. துப்பாக்கி கிடந்த வீடு டாவ் மியாவுடையது. அந்த அம்மாள் போலீசுக்கு என்ன பதில் சொல்வார்? இந்தக் கூட்டத்தில் ஒருத்தர் கால் பட்டு அது வெடித்தால் என்ன ஆகும்? துப்பாக்கி என்று சொன்னால் பார்க்க வருகிறவர்கள் இன்னும் கூடுவார்கள். பர்மியில் பாம்புக்கு "ம்வே" என்று பெயர். வாசலில் நின்று அந்த ஒற்றைச் சொல்லை என் முழுத் தொண்டையால் கத்தினேன், மெத்தைக்குள் இருக்கிறது என்று கையையும் காட்டினேன். ஒருவர் மட்டுமே ஏறக்கூடிய படிக்கட்டில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இறங்கினார்கள். அது எப்படி முடிந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

இரும்புக் கதவை இழுத்து மூடி இரண்டு பூட்டுப் போட்டேன். ஒரு சாவியை நான் வைத்துக்கொண்டேன். இன்னொன்றைக் கீழே போய் மா ஏயிடம் கொடுத்தேன். யாரையும் நம்பாதவள், அதனால் அவளை எல்லாரும் நம்புவார்கள். ஒருத்தர் இல்லாமல் இன்னொருத்தர் உள்ளே போக முடியாதபடி செய்த என் கெட்டிக்காரத்தனத்தை அவள் மெச்சவில்லை. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னாள்:

"பாம்பு போனதும் அந்த ஃபேன் எனக்கு. இப்பவே சொல்லிட்டேன்."

ஊ சோவின் குச்சி

வார்டு அலுவலகத்துப் பெரியவர் ஊ சோ நல்லவர். கொஞ்சம் வீரம் காட்டப் பிடிக்கும், அவ்வளவுதான். பாம்பு என்று கேள்விப்பட்டதும் நீளமான மூங்கில் குச்சி ஒன்றோடு வந்துவிட்டார். அவரிடம் உண்மையைச் சொல்லலாம் என்று நான் வாய் திறப்பதற்குள், பெண்கள் எல்லாம் தள்ளி நில்லுங்கள் என்றார். நானும் மா ஏயும் பூட்டுகளைத் திறந்தோம். அவர் மெத்தையைக் குத்திப் பார்க்கக் குச்சியை நீட்டினார்.

நான் குச்சியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். வார்டு அலுவலகத்துப் பெரியவரின் குச்சியைப் பிடித்து இழுத்த ஒரே தமிழச்சி நானாகத்தான் இருப்பேன். அவர் கோபமாகத் திரும்பும்போது காதோரம் குனிந்து, உள்ளே இருப்பது என்ன என்று சொன்னேன். குச்சி அவர் கையிலிருந்து நழுவி என் கையோடு நின்றது. வந்த வழியே பின்பக்கமாக நடந்து வாசலைத் தாண்டி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, போலீசுக்குப் போன் போடுவதற்கு முன்னால் பெருமூச்சு விட்டார்:

"பாம்பாவே இருந்திருக்கலாம், மா செல்வி."

வீட்டுக்காரி

வந்த சார்ஜன்ட் அதிகம் பேசாத ஆள். கையுறை போட்டுக்கொண்டு எடுத்தார், சுவரைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு குண்டுகளைக் கழற்றினார். ஆம், குண்டு இருந்தது. மெத்தையை எப்படிக் கீழே இறக்குவதாக இருந்தீர்கள் என்று கேட்டார். பாய் பால்கனியைக் காட்டினார். சார்ஜன்ட் எட்டிப் பார்த்தார். கீழே டீக்கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தி மடியில் குழந்தை இருந்தது. பாய் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். என் சட்டத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவர் முணுமுணுத்ததே இல்லை.

துப்பாக்கியை யார் தொட்டது என்று சார்ஜன்ட் கேட்டார். யாரும் தொடவில்லை என்றேன். சாட்சிக்கு மா ஏ வந்தாள். உள்ளே போயிருந்தால் ஃபேனை எடுக்காமல் விட்டிருப்பேனா என்று கேட்டாள். எங்கள் பெயரில் பழுது இல்லை என்று அவரே ஒத்துக்கொண்டார். எனக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் அறையைப் பூட்டிச் சீல் வைத்தார், டாவ் மியாவை ஊரைவிட்டுப் போகக் கூடாது என்றார். கணவர் கப்பல்காரர் அல்லவா, வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய சாமானாக இருக்கலாமே என்று கேட்டார். கோ துன்தான் சொந்தக்காரன் என்று நான் ஆயிரம் தடவை சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பதில் சொன்னார்:

"குடியிருந்தவனைக் காணோம். வீட்டுக்காரி இங்கதான் இருக்காங்க."

பார்சல்

அதற்குப் பிறகு டாவ் மியா இளைத்துப்போனார். அறையை வாடகைக்கு விட முடியவில்லை. ராத்திரி படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டால் மாத்திரைப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாராம், போலீஸ் கூட்டிக்கொண்டு போனால் மாத்திரை இல்லாமல் போய்விடுமே என்று. அதைக் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆளைப் பார்த்து ஏமாந்து குடிவைத்தவள் நான், அனுபவிக்கிறது அந்த அம்மாள்.

ஒரு நாள் ஷ்வேப்யிதாவுக்கு ஒரு வீடு காட்டப் போகிற வழியில், பஸ்ஸில் என் போன் அடித்தது. புது நம்பர், பழைய பணிவு. கோ துன். மோல்மேனில் இருக்கிறானாம், உடம்பு சரியில்லையாம், சாமானெல்லாம் பத்திரமா என்று கேட்டான். பத்திரத்திலும் பத்திரம் என்றேன். அவன் பார்சல் என்று ஆரம்பித்ததுமே, பஸ்ஸில் ஒன்றும் கேட்கவில்லை, சாயங்காலம் கூப்பிட்டால் விலாசம் எழுதிக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். வீடு பார்க்க வந்தவர்கள் காத்திருக்கட்டும்.

சாயங்காலம் டாவ் மியாவின் வீட்டில் போனை மேசை நடுவில் வைத்தேன். சுற்றிலும் டாவ் மியா, காசிம் பாய், ஊ சோ, சார்ஜன்ட். மூச்சுவிடக் கூடாது என்று எல்லாருக்கும் உத்தரவு போட்டேன், சார்ஜன்டுக்கும் சேர்த்து. போன் அடித்தது. ஸ்பீக்கரைப் போட்டேன். டிவி வேண்டாம், ஃபேன் வேண்டாம், மெத்தையை மட்டும் பஸ்ஸில் போட்டு அனுப்புங்கள் என்றான். கட்டை அவிழ்க்காமல் அப்படியே அனுப்ப வேண்டுமாம். நான் பேச்சை இழுத்தேன். மெத்தை கனமாக இருக்கிறதே, உள்ளே வேறு ஏதோ இருக்கும் போலிருக்கிறதே, வீட்டுக்காரம்மா சாமான் எதுவும் தெரியாமல் அதில் கலந்திருந்தால் நாளைக்கு எனக்கல்லவா கெட்ட பெயர் என்று கேட்டேன். அவனுக்குப் பயம் வந்துவிட்டது. நான் பிரித்துப் பார்த்துவிடுவேனோ என்று அவசர அவசரமாகச் சொன்னான்:

"பிரிக்காதீங்க, மா செல்வி. உள்ள இருக்கறது என் சொந்தச் சாமான். அந்தம்மாவுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

சார்ஜன்ட் டாவ் மியாவைப் பார்த்துத் தலையசைத்தார். விலாசத்தை நான் திருப்பிச் சொல்லச் சொல்ல அவரே எழுதிக்கொண்டார். கோ துன் பச்சைக்கல் வியாபாரிகளுக்குக் காவல் போகிற ஆள் என்றும், துப்பாக்கிக்கு லைசென்ஸ் என்பதே கிடையாது என்றும் பிறகு விசாரணையில் தெரிந்தது. அந்த வாரமே அறையின் சீலை எடுத்தார்கள். டாவ் மியா மாத்திரைப் பையைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், பிறகு வீட்டுக்காரி குரலுக்கு வந்துவிட்டார்:

"அடுத்த ஆளைக் கூட்டிட்டு வா. மெத்தை இல்லாம பாயில படுக்கறவனாப் பாத்துக் கூட்டிட்டு வா."

இத்தனை வருஷத் தரகில் ஒரு வீட்டைப் பற்றியும் முழு உண்மையைச் சொல்லாத என் வாய், அந்த ஒரு சாயங்காலம் இன்னொருத்தன் வாயிலிருந்து அதை வரவழைத்துவிட்டது என்பதால், இந்தத் தொழிலில் எனக்கும் கொஞ்சம் புண்ணியம் சேர்ந்திருக்கத்தான் வேண்டும்.