கையால் சுற்றாமல் விட்ட எஞ்சின்

போன வருட மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பெங்களூர் வில்சன் கார்டனில் நான் வேலை பார்க்கும் கராஜில் நடந்தது இது. எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

வைட்ஃபீல்டிலிருந்து ஒரு தம்பி கார் கொண்டுவந்திருந்தார். ஐ.டி. வேலை. வண்டிக்கு வேகம் பத்தவில்லை என்று வேறு கேம் ஷாஃப்ட் வாங்கி வந்திருந்தார். வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டு அது. அதை மாற்றினால் மட்டும் போதாது. எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்று கணக்குப் போடுகிற வண்டியின் கம்ப்யூட்டருக்கும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு பெண்ணை வரச் சொல்லியிருந்தார். எங்கள் கராஜுக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

தண்டை மாற்றி, அதை எஞ்சினோடு சேர்த்துச் சுற்றவைக்கிற பெல்ட்டை நான் மாட்டும்போது மணி பத்தேகால். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் ஸ்டார்ட் செய்துவிட வேண்டும் என்பது என் பழக்கம். கல்யாணமான புதிதில் ஒரு லாரியை ராகு காலத்தில் ஸ்டார்ட் செய்தேன், அது நேராகப் போய் எதிர்ச் சுவரில் நின்றது. அது கிடக்கட்டும். பெல்ட் மாட்டியதும் எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, குறிகள் நேராக வந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தோள்பட்டை வலி, நேரமும் இல்லை. விட்டுவிட்டேன். எலுமிச்சம்பழம் வைத்து ஸ்டார்ட் செய்தேன். ஓடியது.

பதினோரு மணிக்கு அவள் வந்து லேப்டாப்பை மாட்டினாள். எஞ்சின் குலுங்கியது, அணைந்தது. இந்த மாதிரித் தண்டுக்குக் கொஞ்சம் குலுங்கத்தான் செய்யும் என்று அவளும் நம்பினாள். எண்களை மாற்றுவாள், ஸ்டார்ட் செய்வாள், அணையும். மறுபடி அதே. சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. மணி மூன்று ஆகிவிட்டது.

"மேடம், டியூனிங் பண்றீங்களா, லேப்டாப்ல படம் பாக்கறீங்களா?" என்றார் தம்பி. "எங்க கார் குரூப்ல எல்லாருக்கும் சொல்லிடறேன், உங்ககிட்ட வண்டி விடாதீங்கன்னு."

அவள் முகம் சுண்டிவிட்டது. என்னிடம் மெதுவாக, "அங்கிள், பெல்ட் மார்க் கரெக்டா இருந்துச்சுல்ல?" என்று கேட்டாள்.

"ஏம்மா, நான் எஞ்சின்ல கை வைக்கும்போது உங்கப்பாவே டவுசர் போட்டிருப்பாரு. என்னையே கேக்கறியா?" என்றேன்.

அவள் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தத்தை மீட்டர் வைத்துப் பார்த்தாள். நாலிலும் ஒரே மாதிரி ரொம்பக் குறைவு. ஒன்றில் மட்டும் குறைந்தால் வேறு கோளாறு. நாலிலும் என்றால் பெல்ட் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. எனக்குப் புரிந்துவிட்டது. அவளும் கண்டுபிடித்துவிட்டாள், என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

ஆனால் தம்பியிடம் திரும்பி, "சார், என் சைடுல ஒரு டவுட். கவரைக் கழட்டி ஒருவாட்டி பாத்துடறேன். சுவல்ப டைம் கொடுங்க" என்றாள்.

"காலைலேர்ந்து எல்லாமே உங்க சைடுதான் மேடம்" என்று அவர் போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார்.

நான் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நின்று நின்று கால் மரத்துப்போயிருந்தது. எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. டீக்கடைக்குப் போகிறவன் மாதிரி வெளியே போய்விட்டேன். டீ சொல்லவில்லை. கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

"சார், போனை உள்ள வைங்க. இந்தப் பொண்ணு மேல தப்பில்ல. பெல்ட்டை நான்தான் சரியாப் பாக்காம மாட்டிட்டேன்."

அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். தட்டியதை அழித்துவிட்டு, "சாரி மேடம்" என்றார். கவரைக் கழற்றினால், ஒரு பல் தள்ளித்தான் இருந்தது. சாயங்காலத்துக்குள் எஞ்சின் நிதானமாக ஓடியது.

அதற்கப்புறமும் அவள் நாலைந்து வண்டிக்கு வந்துபோனாள். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை எடுத்ததில்லை. முன்பின் தெரியாத என் மானத்தைக் காப்பாற்ற அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை, அவள் பெயரைக் காப்பாற்ற நான் டீக்கடை வரை போய் யோசித்தேன் என்பதை நினைத்தால், இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.